ஓட்டாமல் விட்ட பதினேழாம் ரீல்

வட்டமான தகர டப்பா. விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். மூடியில் சிவப்புப் பெயிண்டால் பதினேழு என்று எழுதியிருக்கும். பரமத்தி வேலூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, முதல் வாரத்துக்குப் பிறகு அந்தப் படம் ஓடிய ஐந்து வாரமும் அந்த டப்பா மானேஜரின் மேசைக்கடியில் கிடந்தது. அவர் அதன்மேல் கால் வைத்துக்கொள்வார். பக்கத்திலேயே வெற்றிலை எச்சில் துப்பும் மண்சட்டி. துப்பியதில் பாதி சட்டிக்குள் போகும், பாதி டப்பாவின் மேல் தெறிக்கும். மற்ற பதினாறு ரீல்களும் மேலே ஆபரேட்டர் அறையில் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்க, படத்தின் முடிவு மட்டும் எச்சில் வழிய மானேஜரின் காலடியில் கிடந்தது. அதை அங்கே வைக்கும்படி யோசனை சொன்னவன் நான்.

நான் எதையும் தேதியோடு எழுதி வைக்கிறவன். எந்தப் படம் எந்தக் கிழமை எங்கள் ஊருக்கு வந்தது, எத்தனை நாள் ஓடியது, எந்த ரீலில் அறுந்தது என்பதெல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டுகளை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்தில் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்படி அடையாளம் காட்டப்படக் கூடாதவர் ஒருவர் இன்னும் அங்கே வாழ்கிறார். அவருக்கு நான் காட்டக்கூடிய கடைசி மரியாதை இதுதான்.

படம் அப்போதே பழையது. வெளிநாட்டு சாகச நாவல் ஒன்றைத் தழுவி எடுத்தது. துறைமுகத்துப் படகோட்டி ஒருவனை உயிர் நண்பன் காட்டிக்கொடுத்து, கல் உடைக்கும் தீவுக்கு அனுப்பிவிடுகிறான். பல வருடம் கழித்து அவன் தாடி வளர்த்து, குதிரை வியாபாரியாக வேடம் போட்டுத் திரும்பி வந்து, நண்பனாக இருந்தவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறான். பதினாறாம் ரீலின் முடிவில் எதிரியின் மாளிகை பற்றி எரியும். எதிரியின் கழுத்தில் கால் வைத்து, “உன் மூச்சு உன்னுடையது. அதை நிறுத்தும் நேரம் என்னுடையது” என்பான் கதாநாயகன். கொட்டகை இரண்டாகப் பிளக்கும். தரை டிக்கெட்டில் துண்டுகள் பறக்கும், மணலை அள்ளி வீசுவார்கள்.

பதினேழாம் ரீலில் நடப்பது வேறு. எரிந்த மாளிகையின் சாம்பலுக்குள் எதிரியின் மகள் பார்வை போய் உட்கார்ந்திருப்பாள். காலடிச் சத்தம் கேட்டு, “யாரது?” என்று கேட்பாள். கதாநாயகனால் தன் பெயரைச் சொல்ல முடியாது. பத்து நிமிடமும் அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், அவன் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பான். நாவலின் சுருக்கமான தமிழ் வடிவத்தை நான் முன்பே படித்திருந்தேன். அதிலும் இதே முடிவுதான். படம் எடுத்தவர்கள் அதை மாற்றாமல் வைத்திருந்தார்கள். மாற்றியது நாங்கள்.

காரணம் பஸ். சந்தை நாளன்று வெற்றிலை ஏலம் முடிந்ததும் கொடிக்கால்காரர்கள் மத்தியானக் காட்சிக்கு வருவார்கள். ஐந்து மணிக்கு ஆற்றோரத்து ஊர்களுக்குப் போகும் பஸ் புறப்பட்டுவிடும். படம் நீளம் என்பதால் கடைசி ரீல் ஓடும்போது பாதிப் பேர் எழுந்து ஓடுவார்கள். மிச்சப் பேர் மறைக்கிறது என்று கத்துவார்கள். முதல் வாரத்தில் ஒருவருக்கொருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். “பதினேழை உட்டுரலாமுங்க. வில்லன் செத்ததோட எல்லாரும் சந்தோசமாப் போயிருவாங்க” என்றேன் மானேஜரிடம். அவர் என் முதுகில் தட்டி, “உனக்கு ஊரோட நாடி தெரிஞ்சிருக்குதப்பா” என்றார். மறுநாள் முதல் மாலைக் காட்சியிலும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கள் ஊருக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. நான் வேலையை விட்டுப் போயிருந்தும் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பதினேழு மேசைக்கடிக்குப் போகும். வேலூரைச் சுற்றியுள்ள ஜனம் முழுவதற்கும் அந்தக் கதை கழுத்தில் கால் வைத்த இடத்தோடு முடிந்துபோனது.

அந்த ஜனத்தில் என் மச்சானும் ஒருவர். என் அக்காவின் கணவர். ஆற்றோரத்தில் ஒன்றரை ஏக்கர் கொடிக்கால் வைத்திருந்தார். படம் வந்தபோது அவர் ஜெயிலிலிருந்து திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் பொதுக் கிணறு. தண்ணீர் முறையில் தகராறு. அந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பம்பு மோட்டார் காணாமல் போக, மச்சான் அதைத் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்ததாகப் பங்காளி சாட்சி சொன்னார். பொய். பங்காளிக்கே அது பொய் என்று தெரியும். மச்சான் உள்ளே இருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார். தகவல் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தவர் அதே பங்காளி. அவர்தான் அடுத்த முறைக்காரர். இதை நான் மறைக்க விரும்பவில்லை. மச்சானுக்கு நடந்தது பெரும் அநியாயம். அவருடைய கோபத்தைக் குறைத்துச் சொன்னால் பின்னால் நான் சொல்லப்போவதெல்லாம் பொய்யாகிவிடும்.

பதினேழை நிறுத்திய அந்த ஐந்து வாரமும் அவர் ஏலம் முடிந்த கையோடு வந்தார். பெஞ்சில் மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கம். நான் டிக்கெட் கொடுத்துவிட்டு உள்ளே போனால், மடியில் கையைக் கோத்துக்கொண்டு, சாமி கும்பிடும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். துண்டை வீசமாட்டார், கத்தமாட்டார். படம் விட்டு வெளியே வரும்போது ஒருநாள் என் தோளில் கை வைத்து, “மாப்ளை, அவசரமே படலை பாத்தீங்களா அந்த ஆளு? பத்து வருசமானாலும் பரவாயில்லைன்னு இருக்கறான் பாருங்க” என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. சினிமாவை ரசிக்கத் தெரிந்த விவசாயி என்று அன்றைய நோட்டில் எழுதியிருக்கிறேன். சென்ற மாதம் அந்த வரியைப் படித்தபோது பக்கத்தைக் கிழித்து எறியத் தோன்றியது.

அவர் காத்திருந்தது அந்தப் பங்காளியின் மகளுக்கு. படம் ஓடியபோது அவள் எட்டு வயதுக் குழந்தை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்காளி வீட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்ன ஊர்க்காரர், இன்ன குடும்பம், இன்ன கிழமை வருகிறார்கள் என்று. சொல்லாமல் விட்டால் பின்னால் கல்யாணத்துக்கு அவர்கள் வந்து நிற்கமாட்டார்கள். பங்காளி நிற்காத கல்யாணத்தை ஊர் கேவலமாகப் பேசும். அந்தப் பங்காளிக்கு ஆண் வாரிசு இல்லை. மனைவியும் இல்லை. அதனால் வேறு ஆளை விடாமல் மகளையே அனுப்பினார். அவள் முகத்தைப் பார்த்தாவது மனம் இளகட்டும் என்று நினைத்திருக்கலாம். இருபது வயதுப் பெண், தட்டில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பாள். முறையில் மச்சான் அவளுக்குப் பெரியப்பா.

“பெரியப்பா, வர்ற புதங்கெழம மோகனூர்லருந்து வாராங்களாமா. அப்பா உங்களைச் சொல்லச் சொன்னாருங்க. வந்துருங்க.”

“வாரேன் சாமி, வாரேன். பெரியப்பன் வராம இருப்பனா?” என்று சொல்லித் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அவள் தெருவைத் தாண்டியதும் என் அக்காவிடம் தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் எழுத உட்காருவார்.

மொட்டைக் கடுதாசி. பெண்ணுக்கு வலிப்பு வருகிறது, கெங்கவல்லிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் ரகசியமாகப் பார்க்கிறார்கள், தெரிந்தவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன். கெங்கவல்லி எங்கள் அன்றைய மாவட்டத்தின் மறுகோடி. அங்கே போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? அந்தச் சாமர்த்தியத்தை இப்போது நினைத்தால் நாக்கின் அடியில் கசக்கிறது. முறையை மதித்து அவள் கொண்டுவந்து கொடுத்த ஊரும் பேரும்தான் அவருக்கு முகவரி.

வேலூரில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அதற்குள் எனக்கு நாமக்கல்லில் அரசு வேலை கிடைத்திருந்தது. தினமும் பஸ்ஸில் போய்வருவேன். “மாப்ளை, போற வழியில பெட்டியில போட்டுருங்க” என்று இன்லாண்டு கவரை நீட்டுவார். முதல் இரண்டையும் கேள்வி கேட்காமல் போட்டேன். மூன்றாவதில் ஓரம் ஒட்டாமல் இருந்தது. “நீங்களே பசை தடவிருங்க” என்றார். நான் பிரித்துப் படித்தேன். படிக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கொடுத்தார் என்பது பிற்பாடு புரிந்தது. கூட்டாளி சேர்க்கிறார். நான் அலுவலகத்துப் பசையைத் தடவி, ஓரத்தை விரலால் நீவி, பஸ் நிலையத்துப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகும் நான்கு. ஒரு தடவை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துணி எடுக்கப் போன இடத்தில், முத்திரை மாறி இருக்கட்டும் என்று நானே யோசித்து அங்கேயே போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அக்காவின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய். எனக்கு அது ருசித்தது. இருட்டுக் கொட்டகையில் நியாயம் நடக்கும்போது கிடைக்கும் அதே ருசி. ஒவ்வொரு முறையும் எட்டுப் பத்து நாளில் அந்தச் சம்பந்தம் கலைந்தது. தேதிகளை எழுதி வைத்தேன். எழுதி வைத்ததால் எனக்குப் பொறுப்பு இல்லை என்பதுபோல நடந்துகொண்டேன்.

முடிவு தெரிந்தவன் எங்கள் இருவரில் நான் ஒருவன்தான். நாவலைப் படித்தவன் நான், பதினேழாம் ரீலைப் பார்த்தவன் நான். சாம்பலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆறு வருடம் அப்படிப் போனது. பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. பங்காளியின் கொடிக்கால் வாடல் நோயில் போக, அந்தப் பெண் முட்டைப் பண்ணை வேலைக்குப் போக ஆரம்பித்தார். இப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனி அவரை அவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவருடைய அப்பா, அந்தப் பங்காளி, இறந்தபோது, மகன் இல்லாததால் கொள்ளி வைக்கும் முறை மச்சானுக்கு வந்தது. ஊரே எதிர்பார்த்து நின்றது. மச்சான் தலைமுழுகி, ஈர வேட்டியோடு, குடம் சுமந்து சுற்றி வந்தார். “அத்தனை பண்ணியிருந்தும் முறைய உடலை பாரு, பெரிய மனுசன்” என்று எனக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டார்கள். தீ வைக்கக் குனிந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் உதடு அசைந்தது. உன் மூச்சு உன்னுடையது. அந்த வசனம். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த பிறகும் என் மேல் வாடை போகவில்லை என்று அன்று எழுதியிருக்கிறேன். பிண வாடை என்று அப்போது நினைத்தேன்.

இந்தத் தை மாதத்தில்தான் அந்தப் படத்தை யாரோ கைப்பேசியில் பார்க்கும்படி ஏற்றியிருப்பதைக் கண்டேன். பதினேழு ரீலும் இருந்தன. எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அக்கா போய் நாலு வருடமாகிறது. அவருக்கு எண்பதை நெருங்குகிறது. காது நன்றாகக் கேட்கிறது. கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து, கயிற்றுக் கட்டிலில் சம்மணமிட்டு இரண்டே முக்கால் மணிநேரம் அசையாமல் பார்த்தார். கழுத்தில் கால் வைக்கும் இடத்தில் வசனத்தை வாய்விட்டே சொன்னார். முடிந்தது என்று சொம்பை நகர்த்தப் போனார்.

“இருங்க மச்சான். இன்னும் பத்து நிமிசம் இருக்குது.”

“இன்னும் என்ன இருக்குது? அதான் செத்துட்டானே.”

பார்த்தார். அந்தப் பெண் “யாரது, யாரது” என்று கேட்கக் கேட்க அவருடைய முகத்தையே கவனித்தேன். ஏதாவது ஒன்று அசையும் என்று அத்தனை வருடம் கழித்து எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“இது எவனோ பொறகால ஒட்டுனதுங்க மாப்ளை. நம்ம கொட்டாயில ஓடுனப்ப இது இல்லை.”

“இருந்ததுங்க. நாந்தான் நிறுத்தி வெக்கச் சொன்னேன். அஞ்சு மணி பஸ்ஸுக்காக.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். உடம்பு குலுங்க, எச்சில் தெறிக்க.

“அட! நல்ல காரியம் பண்ணுனீங்க போங்க. இந்த அழுகாச்சிய ஓட்டியிருந்தா எவன் அஞ்சு வாரம் பாப்பான்?” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பால் கறந்தாச்சா என்று கேட்கும் குரலில் கேட்டார். “ஏனுங் மாப்ளை, அவ இன்னும் அந்த ஊட்ல ஒண்டியாத்தான் இருக்கறாளா?”

அவருடைய மருமகள் கொண்டுவந்து வைத்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. வாய் வரை கொண்டுபோனேன். அவர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்து தென்னை மரத்தடியில் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று அவரே உள்ளிருந்து அக்கறையாக விசாரித்தார். அவரை அருவருத்துவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறும்வரை நினைத்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தெரிந்தது. அவர் பதினாறு ரீல்தான் பார்த்தவர். நான் பதினேழும் பார்த்துவிட்டுப் பசை தடவியவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்காளியின் மகளைப் பார்க்கப் போனேன். பண்ணைக்கு வாரத்தில் அன்று ஒரு நாள்தான் லீவு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், “வாங்க மாமா” என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயந்து, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடுதாசியை எழுதியது யார், போட்டது யார், எங்கே போட்டேன், கெங்கவல்லி வைத்தியர் உட்பட.

அவர் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

“தெரியுமுங்க மாமா. மோகனூர்க்காரங்க போறப்ப அந்தக் கடுதாசிய அப்பா கையிலயே குடுத்துட்டுத்தான் போனாங்க. பெரியப்பன் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியாதுங்களா? நீங்க போட்டதுதான் தெரியாது.”

“தெரிஞ்சும் ஏனம்மிணி ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னீங்க?”

“அப்பா உடலைங்க. ‘அவனுக்கு நான் பண்ணுனதுக்கு அவன் என்ன வேணாலும் பண்ணிக்கட்டும், நாம முறைய உடக்கூடாது’ன்னுட்டாரு. நாந்தான் தட்டைத் தூக்கிட்டு வரோணும்.” பிறகு, “நாலு கடுதாசி போனதுக்கப்பறமும்” என்றார்.

அதாவது அவருடைய அப்பா தன் பாவத்துக்குப் பரிகாரமாக மகளை வருடா வருடம் தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார். ஒருவர் அனுப்ப, ஒருவர் இரண்டு கையாலும் வாங்க, ஒருவன் பசை தடவ. எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூசியது. அந்தக் கூச்சத்தில், தவறாகச் சொன்ன கணக்கைத் திருத்தும் என் பழக்கம் முந்திக்கொண்டது.

“நாலு இல்லைங்க அம்மிணி. ஏழு.”

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

“ஏழா? கடுதாசி நாலு பேருக்குத்தான் போச்சுன்னு அப்பா சொன்னாரு.”

“ஏழு பேருக்கும் போச்சு. நாந்தான் போட்டேன்.”

“நாமக்கல் வாத்தியார் ஊட்டுக்குமா?”

“ஆமா.”

கொடிக்கயிற்றில் தொங்கிய ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

“அவருக்கு எம் பல்லு புடிக்கலைன்னு தரகர் சொன்னாருங்க. அன்னிக்கு அவரு என்னமோ சொன்னாரு, நான் சிரிச்சுப்போட்டேன். அதனாலதான் போச்சுன்னு இருந்தேன்.” குரல் ஏறவில்லை. “அதுக்கப்பறம் ஆரு முன்னாலயும் நான் வாயத் தொறந்து சிரிச்சதில்லைங்க மாமா. பண்ணையில எல்லாம் என்னைய உம்மணாமூஞ்சின்னு சொல்லுவாங்க.”

நான் எழுந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். அந்தச் சொல்லை வைக்க அங்கே இடமில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். அவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரை மண்ணில் ஊற்றினார்.

“போங்க மாமா” என்றார்.

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் எனக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி பகல் பதினொன்றரை. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்கு, வீட்டில் ஆள் இருக்கும்போது, யாரும் கதவைச் சாத்துவதில்லை.